பேர் தெரியாத மகராசிக்கு ஒரு விளக்கு

கிட்ட வாங்க கண்ணுங்களா. பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கால் நீட்ட இடம் போதாதவர்கள் மடக்கி உட்காருங்கள். உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதில் ராஜாவும் கிடையாது, பூதமும் கிடையாது. ஒரு சாவு இருக்கிறது. பயப்படாதீர்கள். அந்தச் சாவு வீட்டில் ஒரு சின்னப் பெண்ணுக்கு ஒரு வேலை இருந்தது. அதைப் பற்றித்தான் கதை.

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டை விட்டு இறங்கி வாய்க்காலோடு நடந்தால் ஒரு தெரு வரும். ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் கரும்பு. அந்தத் தெருவில்தான் இளவரசி இருந்தாள். ஆறாவது படிக்கிற பெண். பேர்தான் இளவரசி, லீவு நாளில் அவள் தலைமுடியைப் பார்த்தால் சீப்பே பயந்து ஓடும்.

பக்கத்து வீடு அவளுடைய அத்தை வீடு. அப்பாவின் அக்கா, பேர் ஆண்டாள். அத்தைக்கும் ஆதிமூலம் மாமாவுக்கும் பிள்ளை இல்லை. அதனால் இளவரசிக்கு இரண்டு வீட்டிலும் தட்டு உண்டு. எந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறதோ, அந்த வீட்டில் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு.

ஆண்டாள் அத்தைக்கு ஒரு கைவேலை தெரியும். அறுப்புக் காலத்தில் யார் கண்ணில் உமி விழுந்தாலும், தூசு விழுந்தாலும், அவளிடம்தான் ஓடி வருவார்கள். அத்தை இமையை விரித்துப் பிடித்து, நாக்கு நுனியால் மெல்லத் தடவித் தூசை எடுத்துவிடுவாள். பிறகு வாசலில் நிற்கிற நந்தியாவட்டைச் செடியில் பூப் பறித்து, கசக்கி, இரண்டு சொட்டுச் சாறு விடுவாள். அவளுடைய அம்மா அப்படித்தான் செய்தாள், அந்த அம்மாவின் அம்மாவும் அப்படித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நெல் தூற்றும்போது ஓர் உமி பறந்து வந்து இளவரசியின் இடது கண்ணில் விழுந்தது. அத்தைதான் எடுத்தாள். அத்தைதான் சாறு விட்டாள். மறுநாள் கண் சிவந்தது. அத்தை இன்னும் கொஞ்சம் சாறு விட்டாள். கண் வீங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டாள்.

கடைசியில் கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, கருவிழியில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது.

"உமி கீறின இடத்துல காளான் மாதிரி ஒரு கிருமி வளந்துட்டுது. நாக்கு பட்டதும் தப்பு, சாறு விட்டதும் தப்பு. தண்ணியில கழுவிட்டு நேரா இங்க வந்திருக்கணும்மா" என்றார் டாக்டர்.

அத்தை தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டு நின்றாள்.

மருந்தில் புண் ஆறியது. ஆனால் வெள்ளை போகவில்லை. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. வேறொரு கருவிழி வைத்துத் தைத்தால் பார்வை வரும் என்றார்கள். அது கடையில் விற்கிற சாமான் இல்லை. எங்கேயோ ஒருவர் இறந்துபோய், அவர் வீட்டு மனிதர்கள் அழுதுகொண்டே மனசு வைத்தால்தான் கிடைக்கும்.

ஒரு மழைக்காலம் முழுவதும் காத்திருந்தார்கள். அப்புறம் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது.

கட்டுப் பிரித்த அன்றைக்கு இளவரசி இடது கண்ணால் முதலில் பார்த்தது அத்தையின் முகத்தைத்தான்.

"அத்த, உன் மூக்குத்தில அழுக்கு" என்றாள்.

அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே வெளியே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

"அழலாம்; அழுதா ஒண்ணும் ஆவாது. ஆனா கண்ணைக் கசக்கவே கூடாது" என்று டாக்டர் இளவரசிக்குச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அத்தை அரிவாளை எடுத்துக்கொண்டு நந்தியாவட்டைச் செடியை வெட்டப் போனாள்.

"செடி இன்னா பண்ணுச்சி அத்த? சாமிக்கு வெக்கலாமே" என்றாள் இளவரசி.

செடி பிழைத்தது. அன்றிலிருந்து யாராவது கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தால் அத்தை சொல்வது ஒன்றுதான்: "தண்ணியில கழுவு. போவலன்னா பஸ் ஏறு. என்கிட்ட வராத."

வெள்ளிக்கிழமை தோறும் சாமி விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அகலும் ஏற்றினாள். கண் கொடுத்தவர் பேரை ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள். அதனால், "பேர் தெரியாத மகராசி, நீ எங்க இருந்தாலும் நல்லா இரு" என்று கும்பிடுவாள்.

"மகராசனா இருந்தா இன்னா அத்த பண்றது?" என்று இளவரசி கேட்பாள்.

"இருந்தா இருந்துட்டுப் போறான். கோச்சிக்க மாட்டான்."

ஒரு வெள்ளிக்கிழமை, திரி போட்டுக்கொண்டே அத்தை மாமாவைப் பார்த்துச் சொன்னாள்: "நான் செத்துப் பூட்டா என் ரெண்டு கண்ணையும் குடுத்துடணும். கேட்டுக்கினியா?"

மாமாவுக்குக் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிற நினைப்பு. "ம்" என்றார். இளவரசி முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்த வருஷச் சித்திரை மாதத்தில் ஒரு விடியற்காலை, அத்தை வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். பாதி வாசல் நனைந்தது. மீதி வாசல் காய்ந்தபடியே கிடந்தது. வாளி உருண்ட சத்தம் கேட்டு மாமா ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் நாடி பார்த்தார்கள், தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள், போய்விட்டார்கள்.

அவ்வளவுதான். நேற்று ராத்திரி இளவரசிக்கு இட்லி மாவில் தோசை ஊற்றிக் கொடுத்த அத்தை, இன்றைக்கு இல்லை.

கூடத்தில் கட்டில் போட்டு, தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்தார்கள். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. தலைமாட்டில் விளக்கு. தெருப் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். புழுக்கம் தாங்காமல் யாரோ ஃபேனைப் போட்டார்கள். இளவரசியின் அப்பா, பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வாங்கக் கடலூருக்குக் கிளம்பிப் போனார்.

இளவரசி மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைத்தால் கசக்கிவிடுவோமோ என்று வழிய விட்டாள். அந்த ஈரத்துக்குள்ளிருந்து பார்த்தபோது, அத்தையின் வலது இமை கொஞ்சம் திறந்திருந்தது தெரிந்தது.

'ரெண்டு கண்ணையும் குடுத்துடணும்.'

அவள் எழுந்து அம்மாவிடம் போனாள். "அம்மா, ஃபோன் குடு." அம்மா எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி அழுதாள்.

மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய், எப்போதும் செக்கப்புக்குக் கூப்பிடுகிற நம்பருக்கு அடித்தாள். கண் கொடுக்க வேண்டும் என்றதும், அங்கே பேசியவர்கள் கண் வங்கிக்காரரிடம் கொடுத்தார்கள்.

"ஷாரிக் பேசறேன். சொல்லுங்க."

"எங்க அத்த செத்துட்டாங்க."

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சொல்லிவிட்டுக் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஷாரிக் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"எப்ப பாப்பா?"

"வாசல் தெளிக்கறப்ப. விடியறதுக்குள்ள. அவங்க கண்ணு ரெண்டையும் குடுக்கணும்னு சொன்னாங்க."

"ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். ஆனா அவங்க வூட்டுக்காரர் சம்மதிக்கணும் பாப்பா. நீ சொல்லி நாங்க வர முடியாது."

"அவரு சம்மதிக்கற வரைக்கும் நான் இன்னா பண்ணணும்?"

ஷாரிக் நிதானமாகச் சொன்னார். "ஃபேன நிறுத்து. காத்து பட்டா கருவிழி காஞ்சிடும். இமைய நல்லா மூடி, மேல ஈரப் பஞ்சு வெய்யி. கொதிக்க வெச்சி ஆறின தண்ணியா இருக்கட்டும். தலைக்கு ஒரு தலகாணி. அவ்ளோதான்."

தலையணை அத்தையுடையதே இருந்தது. பஞ்சும் இருந்தது, வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி திரிக்க அத்தை வைத்திருந்த பஞ்சு. இளவரசி அதை, நேற்று அத்தை காய்ச்சி ஆற வைத்திருந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அத்தையின் இமைகளை மூடி, மேலே வைத்தாள். இமை சில்லென்றிருந்தது. ஆனாலும் வைத்தாள்.

பிறகு ஃபேனை நிறுத்தினாள்.

உடனே ஒரு கை வந்து ஃபேனைப் போட்டது. இவள் நிறுத்தினாள். இன்னொரு கை போட்டது. இவள் மறுபடி நிறுத்திவிட்டு, சுவிட்ச் போர்டில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"அய்ய! யாருடி ஃபேன நிறுத்துனது?" என்று சத்தம் போட்டார் பக்கிரி தாத்தா. தெருவுக்கே மூத்தவர், நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்பவர். "அவளோட சேத்து எங்களையும் வேக வெச்சி அனுப்பப் பாக்கறியா?"

"கண்ணு காஞ்சிடும் தாத்தா. அத்த கண்ண குடுக்கணும்."

"கண்ணையா? நோண்டியா எடுப்பாங்க?"

அவர் குரல் வாசலில் போட்டிருந்த பந்தல் வரைக்கும் கேட்டது. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா எழுந்து வந்தார்.

"ஆதிமூலம், இத கேளு" என்றார் தாத்தா. "கண்ணு இல்லாம போனா அடுத்த பொறப்புல குருடியா பொறப்பா. எங்கப்பா காலத்துலேருந்து சொல்றது. முழுசா வந்தவள முழுசா அனுப்பறதுதான் மரியாத."

"மாமா, அத்த உங்ககிட்டதான சொன்னாங்க? விளக்கு வெக்கறப்ப? நீங்ககூட 'ம்'னீங்களே" என்றாள் இளவரசி.

மாமாவின் முகம் கோணியது. "சொன்னா. அதுக்கு? அவ மூஞ்ச நான் கடைசியா எப்பிடிடி பாக்கறது? ரெண்டு குழியாவா? வேணாம். யாரும் அவளத் தொட வேணாம்."

அவர் விறுவிறு என்று வெளியே போய்விட்டார்.

"சின்னப் பொண்ணு உனக்கு இன்னாத்துக்குடி இது? போய்த் தண்ணி குடி" என்றாள் அம்மா.

இளவரசி போகவில்லை. வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. பஞ்சு காய்ந்தபோதெல்லாம் ஓடிப்போய் நனைத்து வைத்தாள். திரும்ப ஓடி வந்து சுவிட்ச் போர்டை மறைத்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் முந்தானையாலும் துண்டாலும் விசிறிக்கொண்டு அவளை முறைத்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இதற்கிடையில் தாத்தா சொன்ன ஒரு சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது குடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் தாங்க முடியாமல், "அம்மா, நீ இங்க நில்லு. யாரையும் ஃபேன் போட விடாத" என்று அம்மாவை இழுத்துத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போனாள்.

மாமா நந்தியாவட்டைச் செடிக்குப் பக்கத்தில், காய்ந்துபோன அந்தப் பாதி வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே பக்கிரி தாத்தாவும் நாற்காலி போட்டிருந்தார்.

"மறுபடியும் அதத்தான் பேச வந்தியா?" என்றார் மாமா.

"இல்ல மாமா. வேற ஒண்ணு கேக்கணும். தாத்தா சொன்னது நெஜமா?"

"எது?"

"கண்ணு குடுத்தா அடுத்த பொறப்புல குருடா பொறப்பாங்கன்னு."

மாமா வாய்க்காலைப் பார்த்தார். "பெரியவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"அப்ப, எனக்குக் குடுத்தவங்க?"

மாமா திரும்பினார்.

"அவங்க எங்கயாச்சும் பொறந்திருந்தா, இப்பத்தான் நடக்கக் கத்துக்குவாங்க இல்ல?" இளவரசியின் உதடு துடித்தது. "கண்ணு தெரியாம சுவத்துலயும் படியிலயும் மோதிக்கினு இருப்பாங்களா மாமா? என்னாலயா?"

பக்கிரி தாத்தா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். எதற்கு அவிழ்த்தோம் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமா இளவரசியின் இடது கண்ணைப் பார்த்தார். அதிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், கசக்கிவிடக் கூடாதே என்று.

"இல்லடி" என்றார்.

"நெஜமாவா?"

"எந்த சாமியும் அப்பிடிப் பண்ணாது. குடுத்தவங்களப் போயி யாராச்சும் தண்டிப்பாங்களா? உங்க அத்த வாரா வாரம் விளக்கு வெச்சாளே. அந்த மகராசி நல்லாத்தான் இருப்பா."

சொல்லி முடித்தார். அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. செடியிலிருந்து ஒரு பூ உதிர்ந்து அவர் மடியில் விழுந்தது. அதைத் தட்டிவிடவில்லை.

இளவரசி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஃபோன் எங்க?" என்றார் மாமா.

"ஆதிமூலம், யோசிச்சிப் பண்ணு" என்றார் தாத்தா. ஆனால் முன்னைப் போலக் குரலில் வலு இல்லை.

"யோசிச்சிட்டேன்."

ஃபோனில் ஷாரிக்கிடம் மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மூஞ்சி எப்பிடி இருக்கும் தம்பி?" அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலைக் கேட்டுவிட்டு, "சீக்கிரம் வாங்க" என்றார்.

அவர்கள் வந்து சேர்வதற்குள் கடலூர்ப் பக்கத்துச் சொந்தம் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியது. அதில் ஒருவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"எவன்டா அது! எட்றா கைய!" என்று பாய்ந்தார் பக்கிரி தாத்தா. "கண்ணு காஞ்சி பூடும்! காத்து வேணும்னா வெளிய போய் வேப்பமரத்தாண்ட நில்லு!"

இளவரசி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இன்னா பாக்கற? எனக்கு இதுல ஒப்புதல் கெடையாது. ஆனா செய்யறதுன்னு ஆச்சின்னா, உருப்படியா செய்யணும் இல்ல?"

ஷாரிக்கும் ஒரு டாக்டரம்மாவும் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார்கள். அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் டாக்டரம்மா கையுறை மாட்டினார். பஞ்சை எடுத்துப் பார்த்தார். "யாரு இத நனைச்சிக்கினே இருந்தது?" என்று கேட்டார். எல்லோரும் இளவரசியைப் பார்த்தார்கள். டாக்டரம்மா அவள் இடது கண்ணைக் கவனித்தார். ஏதோ புரிந்தது போலத் தலையசைத்தார்.

கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் திறந்தார்கள்.

மாமா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இளவரசி அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் போனாள்.

அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசருவாளே, அதே முகம். மூக்குத்திகூட அப்படியே.

"அப்பிடியேதான் இருக்கா" என்றார் மாமா. அப்போதுதான் அவர் வாய்விட்டு அழுதார். விடிந்ததிலிருந்து அழாதவர்.

இளவரசி ஃபேனைப் போட்டாள்.

அப்புறம் கோடிப் புடவை வந்தது. மேளம் வந்தது. பொழுது சாய்வதற்குள் அத்தை போய்விட்டாள். அந்தத் தெருவில் அன்றைக்கு எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. இளவரசி இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றாள். எந்த வீட்டுக்குப் போவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சில நாள் கழித்து ஷாரிக் ஃபோன் செய்தார். "ரெண்டு பேருக்கு வெச்சாச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." யார் என்று மாமா கேட்டார். சொல்லக் கூடாது என்றார் ஷாரிக்.

கருமாதி முடிந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, மாமாவே திரி போட்டார். எண்ணெயைத் தரையெல்லாம் ஊற்றினார். "இப்பிடி ஊத்துனா அத்த திட்டுவாங்க" என்றாள் இளவரசி. "திட்டட்டும்" என்றார் மாமா. பேர் தெரியாத மகராசிக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. நந்தியாவட்டைப் பூவை இரண்டு அகலுக்கும் நடுவில் வைத்தாள் இளவரசி.

பக்கிரி தாத்தா எட்டிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஏன்டி பொண்ணே, கண்புரைக்கு ஆபரேஷன் பண்ணிக்கினவன் கண்ணுகூட அவங்களுக்கு ஆவுமா?"

"ஆவும்னு ஷாரிக் அண்ணன் சொன்னாங்க தாத்தா. யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. சும்மா கேட்டேன். சும்மா கேக்கக் கூடாதா?"

இப்போதெல்லாம் மாமா கடலூர் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை. ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்துக்கொண்டே வருகிறார்.

"மாமா, அப்பிடி மொறைச்சிப் பாக்காதீங்க. யாராச்சும் அடிக்கப் போறாங்க" என்று இளவரசி அவர் கையைக் கிள்ளுவாள்.

ஒரு நாள் தவளக்குப்பத்தில், தயிர்த் தூக்கோடு ஒரு பெண் ஏறினாள். மாமா பார்த்தார். அவளும் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, ஊர்க்காரரைப் பார்த்தது போலச் சிரித்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் மாமா வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது இளவரசியிடம் கேட்டார்: "உங்க வூட்ல இன்னிக்கி இன்னா கொழம்பு?"

"கருவாடு."

"அப்ப எனக்கும் ஒரு தட்டு போடச் சொல்லு."

அவ்வளவுதான் கண்ணுங்களா. எழுந்து வீட்டுக்குப் போங்கள், இருட்டுகிறது. உங்கள் வீட்டில் பொழுது சாயும்போது ஏற்றுகிற விளக்கு காற்றுக்கு அணையாமல் இருக்கட்டும். உலையில் அரிசி பொங்கட்டும். யார் கண்ணிலும் தூசு விழாமல் இருக்கட்டும். விழுந்தாலும் தண்ணீரோடு போகட்டும். அழ வேண்டி வந்தால், சாய்ந்துகொள்ள உங்கள் பக்கத்தில் ஒரு தோள் இருக்கட்டும்.